எரிந்த கப்பலும் எண்ணப்படாத திமிங்கிலங்களும்: நியூ டயமண்ட் நிகழ்வு ஆய்வு

2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி காலை, அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே 38 கடல் மைல் தூரத்தில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் ஏற்றிய மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெய், ஏறத்தாழ 270,000 தொன் அதற்குள் இருந்தது. இந்தியாவின் பாரதீப் துறைமுகம்தான் அது போய்ச் சேர வேண்டிய இடம். இயந்திர அறையில் கொதிகலன் வெடித்ததில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். காயப்பட்ட ஒருவரைக் கல்முனைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 23 பேரில் மற்ற எல்லாரும் உயிர் தப்பினார்கள்.

அந்தக் கிழமை திருக்கோவில், கோமாரி, பொத்துவில் பக்கம் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: எண்ணெய் கரைக்கு வருமா? வரவில்லை. கரைவலைக்காரர் வலை இழுத்தார்கள், அறுகம்பேயில் அலை விளையாட்டு நடந்தது, “கரைக்கு ஒண்டும் வரல்லியே, மறுகா என்ன?” என்று ஊர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

தீயணைத்தவர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. எனக்கு உறுத்துவது, நடந்ததைக் கரையில் நின்று அளந்தோம் என்பதுதான். கறுத்த மணல், செத்து ஒதுங்கிய மீன், இறங்க முடியாத கடல் என்று கரைக்கு வரக்கூடிய சேதங்களை மட்டும் தேடினோம். கப்பல் எரிந்த இடமோ திமிங்கிலம் வாழும் கடல். அங்கே என்ன நடந்தது என்பதற்குக் கரை சாட்சி சொல்லாது. ஏன் சொல்லாது, சாட்சி வேறு எங்கிருந்து கிடைக்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நடந்தது

இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கடற்படையும் கரையோரக் காவல்படையும் சேர்ந்து தீயோடு மல்லுக்கட்டின. கப்பல் கரைப்பக்கமாக மிதந்து வர, இழுவைக் கப்பல்கள் அதை மீண்டும் ஆழ்கடலுக்கு இழுத்துப் போயின. 6 ஆம் திகதி தீ அணைந்தது என்று மூச்சு விட்டார்கள். 7 ஆம் திகதி காற்றோடு திரும்பவும் பற்றியது. அடுத்தடுத்த நாட்களில்தான் முழுதாக அடங்கியது. மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பியதுதான் பெரிய அதிர்ஷ்டம். ஆனால் கப்பல் தன் ஓட்டத்துக்கு வைத்திருந்த 1,700 தொன் அளவிலான எரிபொருளில் ஒரு பகுதி கடலில் கலந்தது. ஒரு கிலோமீட்டர் அளவில் டீசல் படலம் தெரிந்ததாகக் கடற்படை சொன்னது. இந்தியாவின் டோர்னியர் விமானம் வந்து எண்ணெயை உடைத்துக் கரைக்கும் இரசாயனத்தைத் தெளித்தது. நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் கடல்நீர் மாதிரி எடுத்தது.

வழக்கும் நடந்தது. 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கப்பலின் கிரேக்கக் கப்டன் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 12 மில்லியன் ரூபாய். தீயணைத்த செலவுக்கு என்று முதல் கட்டமாக 340 மில்லியன் ரூபாயை அரசு கப்பல் தரப்பிடம் கேட்டது.

செலவுக் கணக்கு எழுதுவது சுலபம். இழுவைக் கப்பல் எத்தனை மணித்தியாலம் ஓடியது, விமானம் எத்தனை தரம் பறந்தது, எவ்வளவு நுரை கொட்டியது, எல்லாவற்றுக்கும் துண்டு இருக்கும். திமிங்கிலத்துக்கு என்ன துண்டு? தீப்பிடிப்பதற்கு முதல் நாள் அந்தக் கடலில் என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான், பிறகு இது குறைந்தது என்று வழக்கில் நீட்ட முடியும்.

கப்பல் எரிந்த கடல்

கிழக்கிலங்கையின் கண்டத்திட்டு ஒடுக்கமானது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் தரை சட்டென்று சரிந்துவிடும். 38 கடல் மைலில் ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். கரைக்கு இவ்வளவு கிட்ட இவ்வளவு ஆழம் கிடைப்பதால்தான் ஆழத்தில் இரை தேடும் திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் அடிக்கும் மாதங்களில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், தீவுக்குக் கிழக்கே கடல் பெரிய வட்டமாகச் சுழல்கிறது. சுழலின் நடுவில் கீழ்த்தண்ணீர் மேலே ஏறி வரும். குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர். அதில் நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் சின்ன இறால் வகைகள் பெருகும், அவற்றுக்குப் பின்னால் பெரியதுகள் வரும். கடலியலாளர் இந்தச் சுழலை இலங்கைக் குவிமாடம் என்று சொல்கிறார்கள். மே மாதமளவில் உருவாகி செப்டெம்பரில் தேய்ந்து போகும் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 7 பாகை வடக்கு, 83 பாகை கிழக்கு. சங்கமன்கண்டி முனையும் அதே 7 பாகையில்தான் இருக்கிறது; நெட்டாங்கில் ஒரு பாகை சொச்சம்தான் வித்தியாசம். இலங்கை வரைபடத்தில் இதைவிடக் கிழக்கே தரை இல்லை.

இங்குள்ள நீலத் திமிங்கிலம் அந்தாட்டிக்காவின் நீலத் திமிங்கிலத்தைவிடச் சற்றுச் சிறியது. துருவத்துக்குப் போய்வரும் வழக்கம் அதற்கு இல்லை. வருஷம் முழுக்க இந்தச் சூடான கடலிலேயே தின்று, இங்கேயே குட்டி போட்டு வாழ்கிறது. விந்துத் திமிங்கிலத்தின் பெண்களும் குட்டிகளும் அப்படித்தான், வெப்பக் கடலை விட்டுப் போவதில்லை. விருந்தாளி என்றால் ஒரு பருவம் கெட்டாலும் வேறிடம் போகலாம். இவை குடியிருப்பவை.

இந்தக் குடிகள் ஏற்கெனவே அடிபட்டவை. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் களவாக வட இந்துசமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. 1979 இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்துசமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஈட்டியை நிறுத்தியது. எண்ணெய்க் கப்பலுக்கோ வலைக்கோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

எண்ணெயும் மூச்சும்

கடற்பறவை எண்ணெயில் பட்டால் இறகு ஒட்டிக் குளிரில் சாகும். திமிங்கிலத்துக்கு அந்தச் சாவு இல்லை. தோல் வழுவழுப்பு, உள்ளே தடித்த கொழுப்பு, மேலே எண்ணெய் பட்டாலும் உடல்சூடு போகாது. அதற்கு ஆபத்து மூச்சில்தான்.

விந்துத் திமிங்கிலம் ஒன்று ஆயிரம் மீட்டர் வரை இறங்கி, முக்கால் மணித்தியாலம் கணவாய் தேடிவிட்டு மேலே வருவதை எடுத்துக்கொள்வோம். வந்ததும் எட்டுப் பத்து நிமிஷம் மரக்குற்றி போல மேற்பரப்பில் கிடந்து மூச்சு மூச்சாக இழுக்கும். நாங்கள் சாதாரணமாக ஒரு மூச்சில் நெஞ்சறைக் காற்றில் பத்துப் பதினைந்து வீதத்தைத்தான் மாற்றுகிறோம். திமிங்கிலம் ஒரே மூச்சில் 80 வீதத்துக்கு மேல் மாற்றிவிடும். புது எண்ணெயிலிருந்து கிளம்பும் பென்சீன், டொலுயீன் போன்ற ஆவிகள் தண்ணீருக்குச் சற்று மேலேதான் படிந்து நிற்கும். மூக்குத் துவாரம் திறப்பதும் சரியாக அந்த உயரத்தில். உள்ளே போன நஞ்சை அடுத்த முக்கால் மணித்தியாலத்துக்கு நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டுதான் அது திரும்ப இறங்கும்.

இப்படி நடந்தால் ஒரு கூட்டத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்காவில் கணக்கு இருக்கிறது. 1989 மார்ச் 24 ஆம் திகதி எக்ஸன் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெயைக் கொட்டியது. நியூ டயமண்டின் வயிற்றில் இருந்தது அதைப்போல ஏழு மடங்கு. அது மோதிய குடாவில் வாழ்ந்த கொலைகாரத் திமிங்கிலக் கூட்டங்களில் இரண்டை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 22 உருப்படி இருந்த ஒரு கூட்டத்தில் 9 காணாமல் போயின. அந்தக் கூட்டம் அதற்குப் பிறகு ஒரு குட்டிகூட ஈனவில்லை, அழிவை நோக்கிப் போகிறது. 36 இருந்த மற்றக் கூட்டத்தில் ஒன்றரை வருஷத்துக்குள் 14 போயின. போனவற்றில் பெண்களும் குட்டிகளும் இருந்ததால் பல பத்தாண்டு கழிந்தும் அது பழைய நிலைக்கு வரவில்லை.

இது எப்படித் தெரியவந்தது என்பதில்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது. கரையில் உடல் ஒதுங்கித் தெரியவில்லை. எண்ணெய் கொட்டுவதற்கு வருஷங்களுக்கு முன்னரே அங்குள்ள ஆய்வாளர்கள் ஒவ்வொரு திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பையும் படம் எடுத்து, அடையாளம் குறித்து, தாய் யார் பிள்ளை யார் என்று இடாப்பு வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு இடாப்பை விரித்துப் பார்த்தபோது ஆள் குறைந்திருந்தது. அந்த இடாப்பு இல்லாவிட்டால் அலாஸ்காவிலும் “கரைக்கு ஒன்றும் வரவில்லை” என்றே எழுதியிருப்பார்கள்.

கரை ஏன் சாட்சி இல்லை

2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கடலில் வழக்கமாகச் சாகும் திமிங்கிலங்களிலும் டொல்பின்களிலும் எத்தனை வீதம் கரையில் கிடைக்கிறது? சராசரியாக 2 வீதம். நூறு செத்தால் இரண்டுதான் மனிதக் கண்ணில் படும். மற்றதெல்லாம் தாழும், சுறா தின்னும், நீரோட்டத்தோடு வேறெங்கோ போகும். ஆழ்கடலில் செத்து அடிக்குத் தாழ்ந்த உடல் பெரும்பாலும் திரும்ப எழும்பாது, அந்த அழுத்தத்தில் வயிற்று வாயு ஊதிப்பெருக வழியில்லை.

எங்கள் கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: காற்று. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்குப் பக்கத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி, 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளோடு பிறகு மூழ்கியது. ஆறு கிழமைக்குள் 176 ஆமை, 20 டொல்பின், 4 திமிங்கிலம் செத்து ஒதுங்கியதாக அரசு தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், கடலில் மிதந்ததை எல்லாம் காற்று மேற்குக் கரைக்குத் தள்ளிக் கொடுத்தது. அதே கச்சான் செப்டெம்பரில் எங்களுக்கு முதுகுப்பக்கமிருந்து, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. சங்கமன்கண்டிக்கு வெளியே செத்த ஒன்றைக் காற்று வங்காள விரிகுடாவுக்குள் தள்ளுமே தவிர கோமாரி மணலில் கொண்டுவந்து போடாது. இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் வைத்து, மேற்கில் சேதம் அதிகம், கிழக்கில் சேதமில்லை என்று சொல்வதில் பாதி காற்றின் திசையைத்தான் சொல்கிறோம்.

அப்படியே ஒன்று ஒதுங்கினாலும் நடப்பது தெரிந்ததுதானே. முதலில் கூட்டம் கூடும், போன் எடுத்துப் படம் பிடிக்கும். அம்பர் என்ற விலைகூடிய வாசனைப் பொருள் இருக்குமோ என்று வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் ஆசையும் இரண்டொருவருக்கு வரும். திமிங்கிலம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அம்பரை வைத்திருந்தாலே பொலிஸ் பிடிக்கும் என்பது வேறு கதை. இரண்டாம் நாள் நாற்றம் தாங்காது. பெக்கோ வந்து குழி வெட்டும். எலும்பு உடைந்திருந்ததா, கழுத்தில் வலைக்கயிறு இறுகிய தழும்பு இருந்ததா, வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததா என்ற கேள்விகள் எல்லாம் மணலோடு மூடப்படும். 2019 இல் பிலிப்பைன்ஸின் டாவாவோவில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து 40 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்களே, அதை ஒருவர் அறுத்துப் பார்த்ததால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது.

தீ இல்லாத நாட்கள்

நியூ டயமண்ட் அந்தக் கடலுக்கு வழிதவறி வரவில்லை. பாரசீக வளைகுடாவிலிருந்து விசாகப்பட்டினம், பாரதீப், சிட்டகாங் போகும் கப்பல்கள் தெய்வேந்திரமுனையைச் சுற்றி எங்கள் கரைக்கு வெளியே வடக்கே ஏறுகின்றன. அது எரியாமல் போயிருந்தால் எங்களில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரிந்திருக்காது. அப்படிப் பெயர் தெரியாமல் போகும் கப்பல்கள்தான் திமிங்கிலத்துக்கு நாளாந்த ஆபத்து.

மோதல் முதலாவது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன் கப்பல் ஒன்றின் முன்மூக்கில் ஒரு நீலத் திமிங்கிலம் செத்துத் தொங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய உடல் முட்டியும் கப்பலில் இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கமும் தெரிவதில்லை. இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத ஒன்றல்ல. வேகம் 10 நொட்டுக்கு (மணிக்கு 10 கடல் மைல்) கீழே வந்தால் மோதலில் திமிங்கிலம் சாகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பதால் அமெரிக்கா 2008 இலேயே தன் கிழக்குக் கரையின் சில பகுதிகளில் பருவகால வேக எல்லை வைத்தது. இலங்கையின் தெற்கே, கப்பல் பாதையை 15 கடல் மைல் தள்ளி வைத்தால் நீலத் திமிங்கிலத்துக்கான மோதல் ஆபத்து 95 வீதம் குறையும் என்று ஆய்வு சொன்னது. 2022 இல் எம்எஸ்சி கப்பல் கம்பனி தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலகிப் போக வைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பேச்செல்லாம் மிரிசைக்கு வெளியே உள்ள கடலைப் பற்றியது. அங்கே திமிங்கிலம் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள், பார்க்க ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் பாதுகாப்பும் வருகிறது. கிழக்கில் திருகோணமலையைத் தாண்டித் தெற்கே வந்தால் அந்தக் கண்களும் குறைவு.

இரண்டாவது சத்தம். நீலத் திமிங்கிலம் ஒன்றையொன்று கூப்பிடும் தாழ்ந்த குரலும் கப்பல் விசிறியின் இரைச்சலும் ஒரே அலைவரிசையில் வருகின்றன. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து சுருங்கியபோது, கனடாவின் பண்டி குடாவில் கடலடிச் சத்தம் 6 டெசிபெல் இறங்கியது. அதே நாட்களில் அங்கிருந்த திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹோர்மோனும் இறங்கியிருந்தது. சத்தம் அவற்றை வருத்துகிறது என்று அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இதை வைத்து நியூ டயமண்டுக்குத் திரும்பினால், எண்ணெய் ஒரு சொட்டும் கொட்டாவிட்டாலும், போர்க்கப்பலும் இழுவைக் கப்பலுமாக ஒரே இடத்தில் இரவு பகலாக இயந்திரம் ஓடிய அந்தச் செப்டெம்பர் நாட்களே தனியாக எழுதி வைக்க வேண்டிய ஒரு சேதம். தீயணைக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அணைப்பதற்கும் ஒரு விலை இருந்தது என்கிறேன்.

மூன்றாவது வலை. உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறத்தாழ 300,000 திமிங்கிலமும் டொல்பினும் மீன்வலையில் மாட்டிச் சாகின்றன என்பது ஆய்வாளர் மதிப்பீடு. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகுகள் சூரைக்குப் போவது இதே ஆழ்கடலுக்குத்தான். மீனவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பெரியது ஒன்று வலையில் பட்டால் வலை போச்சு, அந்தப் பயணத்தின் வருமானமும் போச்சு, கடன் மட்டும் மிச்சம். அவர்களும் அதை விரும்புவதில்லை. பாகிஸ்தானில் வலையின் மேல்கயிறு நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே நிற்கும்படி விட்டுப் பார்த்தார்கள், டொல்பின் மாட்டுவது பெருமளவு குறைந்தது. செலவு என்று பார்த்தால் மிதப்புக் கயிற்றை நீட்டும் செலவுதான். வாழைச்சேனையில் நாலு படகில் ஒரு பருவம் விட்டுப் பார்க்கக்கூடியது.

சரி, இடாப்பை யார் எழுதுவது?

பெரிய ஆய்வுக் கப்பல் வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்மர ஆய்வுப் படகு திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களைப் படித்தது. பிறகு யுத்தம் வந்து, அந்தத் தொடர்ச்சி அறுந்தது. இப்போது வருஷம் முழுக்க அந்தக் கடலில் இருப்பவர்கள் பலநாள் படகுக்காரர்கள்தான். அவர்களிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, போன் இருக்கிறது. மீன் கணக்கு எழுதும் பதிவுப் புத்தகத்தில் திமிங்கிலத்துக்கு ஒரு பக்கம் சேர்த்தால் போதும். கண்டதை எழுதினால் அபராதம் வருமோ என்ற பயம் இருக்கும்வரை ஒருவரும் எழுத மாட்டார்கள். ஆகவே வலையில் மாட்டியதைச் சொன்னவர்மேல் நடவடிக்கை இல்லை என்று கடற்றொழில் திணைக்களம் முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கரையில் ஒதுங்கும் உடலுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் நாராவுக்கும் அறிவித்து, மிருக வைத்தியர் ஒருவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் பிரதேச சபை பெக்கோவை அனுப்பாமல் இருப்பது. உடைந்த எலும்பைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தால் அது உயிரோடு இருக்கும்போது அடிபட்டது, கட்டாவிட்டால் செத்த பிறகு அடிபட்டது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் கப்பல் கொன்றதா இல்லையா என்பதில் பாதி விடை கிடைக்கும்.

படகிலிருந்து பார்ப்பவருக்கு இனம் பிரிப்பதும் கஷ்டமில்லை. ஊதல் தென்னை உயரத்துக்கு நேராக எழும்பினால் பெரும்பாலும் நீலத் திமிங்கிலம். குட்டையாக, முன்பக்கம் இடப்புறம் சரிந்து அடித்தால் விந்துத் திமிங்கிலம், அதன் மூக்குத் துவாரம் தலையின் இடது பக்க நுனியில் இருப்பதால் வேறு எதுவும் அப்படி ஊதாது. நேரம், இடம், எத்தனை, குட்டி கூட இருந்ததா என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. படம் எடுப்பதாக இருந்தால், விந்துத் திமிங்கிலத்துக்கு அது தலைகீழாக இறங்கும்போது மேலே வரும் வாலின் பின்விளிம்பு வேண்டும், அதிலுள்ள வெட்டும் கிழிசலும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. நீலத் திமிங்கிலத்துக்கு முதுகுத் துடுப்பைச் சுற்றியுள்ள புள்ளிக்கோலம் வேண்டும், இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம்.